சாப்பிட்டு முடிக்கட்டும்

பென்னலூர்
9 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் முப்பிடாதி அம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்றே சொல்கிறது. சேனல்காரர்கள் விடாமல் கூப்பிட்ட நம்பரை நீ தூக்கிப் போட்டது சரிதான். ஆனால் எனக்கும் சேர்த்துக் கதவு மூடிவிட்டது. போன வாரம் புது ஆட்கள் வருவதற்காக நீ இருந்த மாடி ரூமைப் பெருக்கும்போது, ஊரிலிருந்து உனக்கு வந்த பார்சலின் அட்டை பரணில் கிடைத்தது. அதிலிருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். கல்லூரிப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. கலைமதி என்று பெயர் வைத்தோம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். சரோஜா அத்தை திட்டுகிறார்: "புள்ள நல்லாத்தான் கீது. நீ தொட்டுத் தொட்டுப் பாத்தே அத எழுப்பி உட்டுடுவே போல." நான் முன்பு இப்படி இருந்ததில்லை. உனக்கே தெரியும்.

மாடியில் இப்போது ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். கொடியில் அவர்கள் சட்டை காயும்போது எனக்கு உன் கம்பெனி நீலக் கோட்டுதான் கண்ணில் படுகிறது. நீ ஷிப்ட் முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து என்னிடம் அன்றைய லைன் கதையைச் சொல்வாயே. ஞாயிற்றுக்கிழமை நம்பி சுங்குவார்சத்திரத்திலிருந்து பரோட்டா வாங்கி வந்து கீழே நின்றே கத்துவான்: "யக்கா, எறங்கி வா, ஆறிப் போயிரும்." என்னை அவன் மதினி என்று கூப்பிட்டபோது அத்தை எப்படிச் சிரித்தார். அவன் போய் வருஷம் ஆகப் போகிறது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். எழுத மனம் வராவிட்டால் வெறும் கவரையாவது அனுப்பு.

உன்
தென்றல்


சங்கரன்கோவில் பக்கம்
2 பிப்ரவரி 2025

தென்றல் அக்காவுக்கு, செல்வி எழுதுவது.

அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவுக்குக் கண்ணில் கொஞ்சம் புரை. நான் பூக் கமிஷன் கடையில் எடை போடுகிறேன். விடியுமுன்னே போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா பக்கத்தில் இருந்த மாதிரியும் ஆச்சு.

பாப்பா பிறந்தது தெரிந்து சந்தோஷம். யாரு சாடை? உங்க சாடையா, சரோஜா அம்மா சாடையா? அவங்க முட்டிவலி எப்படி இருக்கிறது? மணிமங்கலத்தில் உங்க அம்மா அப்பா சுகமா? தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போடுமே அந்தச் சாம்பல் பூனை, அது இருக்கிறதா? படி ஓரத்து முருங்கையை வெட்டிவிட்டீர்களா?

நம் பழக்கமெல்லாம் ஆற்றில் போட்ட மாதிரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன், உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பரோட்டா வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள்.

செல்வி


பென்னலூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்வி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதவில்லை, இருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். அதுவே எனக்குப் போதும். இங்கே எல்லோரும் நலம். பூனை இருக்கிறது. முருங்கை புயலில் சாய்ந்துவிட்டது. சாடை இன்னும் முடிவாகவில்லை. மூக்கைப் பார்த்தால் மட்டும் யாருடையது என்று உனக்கே தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த செய்தித் தளத்தில் லோகேஷ் என்று ஒருவன் உண்டு. இப்போது அவன் நிருபர்களுக்குப் பயிற்சி நடத்தும் ஓர் அமைப்பில் இருக்கிறான். விபத்து, சாவு நடந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே இருப்பவர்களின் மனநிலையைப் புரிந்துகொண்டு எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தரும் பயிற்சி. ஜூனில் ஸ்ரீபெரும்புதூரில், நம் பக்கத்து நிருபர்களுக்கு. அன்றைக்கு நடந்ததை நான் வந்து சொல்ல வேண்டும் என்கிறான்.

நான் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். இப்படி வருகிறது. எனக்கு வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். அந்த வேலைகளுக்கு உதவ வந்த நம்பி ராத்திரி இங்கேயே தங்கிவிட்டான். காலை ஷிப்டுக்குப் போக அவனுடைய கம்பெனி பஸ் பாஸ் சுங்குவார்சத்திரம் ரூட்டுக்கு மட்டும்தான். அதே கம்பெனியில் இருக்கும் இவருக்கு அன்று லீவு. "என் பாஸை எடுத்துக்கினு போடா, ஷேர் ஆட்டோவுக்கு இன்னாத்துக்கு நிக்கிறே" என்று கொடுத்தாராம். ஒரகடம் போகும் வழியில் கம்பெனி பஸ் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் சட்டைப் பையில் இருந்த பாஸைப் பார்த்து, பென்னலூர் பிரவீன் இறந்தார் என்று சேனலில் போட்டுவிட்டார்கள். இவரோ போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மணிமங்கலத்தில் என் அம்மா வீட்டுக்கு வளைகாப்பு அழைக்கப் போயிருந்தார். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே இருவரும் கிளம்பிவிட்டதால், இவரும் ஷிப்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தோம். மத்தியானம் வரை இந்த வீட்டில் சாவு. பிறகு இவர் வண்டியில் வந்து இறங்கினார். உன் வீட்டுக்குச் சாவு அதற்குப் பிறகு வந்தது.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. இது உன் தம்பியின் கதை. நீ சரி என்றால்தான் வாய் திறப்பேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, போதும்.

அம்மாவின் கண்ணைச் சீக்கிரம் காட்டு.

தென்றல்


சங்கரன்கோவில் பக்கம்
14 ஏப்ரல் 2025

தென்றல் அக்காவுக்கு,

புது வருஷம் உங்கள் எல்லோருக்கும் நல்லதாக இருக்கட்டும். எழுத நாளாகிவிட்டது. உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். மறுநாள் தம்பிக்கு முதல் வருஷத் திதி வைத்துப் படைத்தோம். அவனுக்குப் பிடிக்கும் என்று அம்மா பரோட்டாவும் வாங்கி வரச் சொன்னாள். இலையில் பரோட்டாவா என்று பெரியப்பா சத்தம் போட்டார். அம்மா கேட்கவில்லை.

பாப்பா தவழுகிறாளா? சரோஜா அம்மா அவளுக்கு இன்னும் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்களா? மாடியிலிருந்து பார்த்தால் ஷிப்ட் மாறும் நேரத்தில் பஸ்கள் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு போகுமே அக்கா. நான் முதல் முதலாக வந்த அன்று அதைப் பார்த்துத் தேர் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் நீங்களும் அதைத் தேர் என்றே சொல்ல ஆரம்பித்தீர்கள். இங்கே ராத்திரியானால் ஊரே இருட்டு. பஸ் சத்தம் இல்லாமல் தூங்கப் பழக எனக்கு இவ்வளவு காலம் ஆனது.

பூவுக்கு விலை இல்லை. வேறு விசேஷம் இல்லை.

செல்வி


பென்னலூர்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்வி,

உன் அம்மாவுக்கு என் வணக்கம். பரோட்டா படைத்தது சரி. பெரியப்பா கிடக்கட்டும்.

கலைமதிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பல் வருகிற காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்கிறார், அத்தை சொல்கிறார், எதிர்வீட்டு வேல்விழி அக்காவும் சொல்கிறார். நான் மட்டும் நம்பவில்லை. வீட்டில் போன் அடித்தால் முதலில் நம்பரைத்தான் பார்க்கிறேன். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதே இல்லை. அதனால் தடுப்பூசித் தேதியைச் சொல்ல நர்ஸ் கூப்பிட்டதும் தவறிப்போனது.

உன் கடிதங்களை இவரும் படிக்கிறார். கடைசி வரி வரை படிப்பார். பிறகு மறுபடி முதலிலிருந்து. எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். மடித்துக் கொடுத்துவிட்டு, "பூனையக் கூட கேட்டுக்குது பாரு" என்பார். அவ்வளவுதான். இவர் இப்போது கம்பெனி பஸ்ஸில் போவதில்லை. புதுப் பாஸும் வாங்கவில்லை. மழையானாலும் வண்டிதான்.

பயிற்சியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அதையே நான் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. லோகேஷ் அன்றைய வீடியோவையும் வகுப்பில் போட வேண்டும் என்கிறான். எங்கள் வாசலில் அத்தை இவருக்கு ஆரத்தி எடுத்ததும், அதன் மேல் 'இறந்தவர் திரும்பி வந்தார்' என்று சேனல் போட்ட எழுத்தும். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்களாம். அதை நீ பார்த்தாயா என்று நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மேலே எழுத ஓடவில்லை. காய்ச்சல் விட்டதும் எழுதுகிறேன்.

தென்றல்


சங்கரன்கோவில் பக்கம்
25 மே 2025

தென்றல் அக்காவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். விட்டதும் எழுதுகிறேன் என்றீர்கள், எழுதவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு போயிருக்க" என்றாள். இத்தனை நாள் அவளுக்குக் கண் மங்கியிருந்தது எனக்கு ஒரு வசதியாக இருந்தது.

வகுப்பில் சொல்லுங்கள். தம்பி பெயரையும் சொல்லுங்கள். நம்பிராஜன் என்று முழுசாக. சேனலில் அவன் பெயர் கடைசி வரை வரவேயில்லை. 'அடையாளம் மாறிய மற்றொரு தொழிலாளி' என்றுதான் போட்டார்கள்.

ஆரத்தி வீடியோ மட்டும் வேண்டாம். அதைக் காட்டாதீர்கள்.

சரோஜா அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் அன்பு.

செல்வி


பென்னலூர்
23 ஜூன் 2025

அன்புள்ள செல்வி,

கலைமதி நலம். இரண்டு பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறாள். அம்மா கண் தெரிந்து உன்னைப் பார்த்ததைப் படித்துவிட்டு அத்தை, "அத வேளைக்குத் துன்னச் சொல்லு" என்றார்.

பயிற்சி முடிந்தது. வீடியோ போடவில்லை. லோகேஷ் முணுமுணுத்தான், நான் விடவில்லை. நடத்தியவர் ராஜாமணி மேடம், மனநல ஆலோசகர். அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு நடந்தது வரிசையாக நினைவுக்கு வராது, மாற்றி மாற்றிச் சொல்வார்கள், அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள் என்றார். அவர்கள் பேச்சை நிறுத்தினால் அந்த இடத்தில் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள் என்றார். இந்த வேலையால் நிருபர்களுக்கே தூக்கம் போவதையும் சொன்னார். பின்வரிசையில் சிலர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் நம்பிராஜன் என்று சொன்னபோது நிமிர்ந்தார்கள்.

மத்தியானம் ஒரு பயிற்சி. நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒருவர் நிருபர், ஒருவர் இறந்தவரின் சொந்தக்காரர். போனில் பேசுவது போலப் பேச வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் கலைமணி, சுங்குவார்சத்திரத்து நிருபர். "வணக்கம்மா" என்றார். பிறகு சத்தமே இல்லை. ராஜாமணி மேடம் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் எழுந்துவிட்டார்.

"எனக்கு இது வராது மேடம். இதே மாதிரி போன் ஒருவாட்டி நெஜமாவே பண்ணிட்டேன்."

யாருக்கு என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என்னைப் பார்த்தார். உன்னைக் கூப்பிட்டது அவர்தான், செல்வி. இவர் உயிரோடு வந்துவிட்டார் என்றதும், அப்படியானால் இறந்தது யார் என்று ஆஸ்பத்திரியில் நம்பியின் போனைத் தேடி எடுத்திருக்கிறார்கள். "அக்கான்னு மிஸ்டு கால் மேல மிஸ்டு கால் கெடந்துச்சு. விஷயம் தெரிஞ்சுதான் அப்டி அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். அந்த நம்பர எழுதிக்கினு வந்து கூப்ட்டேன். எடுத்த எடுப்புல, தம்பி செத்தது பத்தி இன்னா சொல்றீங்கன்னு கேட்டுட்டேன். அவுங்களுக்கு நான்தான் மொதல்ல சொல்றேன்னு எனக்குத் தெரியாது."

அவருக்கு உன் விலாசம் வேண்டுமாம். ஒரு முறை நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். நான் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அவர் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

தென்றல்


பென்னலூர்
13 ஜூலை 2025

அன்புள்ள செல்வி,

உன் பதில் வரவில்லை. அம்மா சுகம்தானே? போன கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று தபால்காரர் வண்டி தெருவில் திரும்பும்போதெல்லாம் தோன்றுகிறது. அந்தப் போனைப் பற்றி நீ ஒருவருக்கும் சொன்னதில்லை. நானாக அதை எடுத்து உன் முன்னால் வைத்துவிட்டேன். விலாசம் கேட்டதை மறந்துவிடு.

கலைமதி நடக்கிறாள். மாடிப்படியைப் பிடித்து நின்று, விட்டுவிட்டு வந்தாள். நீ உட்காரும் அதே படி. நான் பயந்து கத்தினேன். அத்தை, "உடு, உழுந்து எழட்டும்" என்றார். விழவில்லை. இவர் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். இந்த வீட்டில் எந்த நல்லதையும் இவர் இப்படித்தான் தள்ளி நின்று பார்க்கிறார்.

இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

தென்றல்


சங்கரன்கோவில் பக்கம்
10 ஆகஸ்ட் 2025

தென்றல் அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இந்தத் தடவை சுகம் என்றே எழுதுகிறேன். ஆடித்தபசுக்கு ஊரெல்லாம் கூட்டம், கடையில் பூ எடை போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் தாமதம் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். நிஜம் அது இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அன்று நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். காலை டிவியில் உங்கள் வீட்டுச் செய்தி வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் வைத்த காப்பி அப்படியே கிடந்தது. வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் புள்ள என்ன செய்யும் என்று உங்களை நினைத்துத்தான் அழுதாள். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதனால் தம்பிக்குப் போட்டேன். லீவு சொல்லிவிட்டு உடனே பென்னலூர் போய் மதினி பக்கத்தில் இருடா என்று சொல்லத்தான் அத்தனை தடவை கூப்பிட்டேன். கலைமணி என்பவர் பார்த்த மிஸ்டு கால் அதுதான்.

மத்தியானம் ஆரத்தி வந்தது. நான் பார்த்தேன் அக்கா. சரோஜா அம்மா கையில் தட்டு சாய்ந்ததையும் பார்த்தேன். "எம்மா, அண்ணன் உசுரோட வந்துட்டாவ" என்று சத்தம் போட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா தெருவில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்து, "இனி சோத்தப் போடுட்டி, பசிக்கி" என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். வட்டில் நிறையப் போட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது.

அவர் கேட்டதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் அவர் கேட்டதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நான் பேசாமல் நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் மாறி, "அக்கா, பக்கத்துல யாரு இருக்காங்க?" என்றார். அம்மா இருக்கா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கா என்றேன். "சாப்பிட்டு முடிக்கட்டும்கா" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

யாரு போனுல என்று அம்மா கேட்டாள். ராங் நம்பர் என்றேன். மோருக்குக் கொஞ்சம் சோறு கேட்டாள். போட்டேன். ஊறுகாய் எடுத்து வைத்தேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அதுவரை என் வீட்டில் யாரும் சாகவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவரிடம் விலாசம் கொடுக்க வேண்டாம், எனக்கு அவர் முகம் பார்க்க வேண்டாம். ஆனால் இதை அவரிடம் சொல்லுங்கள். அடுத்த வகுப்பு நடந்தால் அங்கேயும் சொல்லுங்கள்.

ஆரத்தி வீடியோ வேண்டாம் என்றதை நீங்கள் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் கடைசியாக வந்த சந்தோஷம் அது. முன்பின் தெரியாத ஆட்கள் அதை ஒரு ஹாலில் உட்கார்ந்து பார்த்து உச்சுக் கொட்ட வேண்டாம் என்று தோன்றியது.

பாஸ் விஷயம் தெரிந்த பிறகு ஒரு பெயர் மட்டும் எனக்கு எழுத வரவில்லை. பூனையைக் கேட்டேன், முருங்கையைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பேனா நின்றது. அம்மாவுக்குக் கண் தெரிந்த பிறகு உங்கள் கடிதங்களை அவளே எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கை நீட்டி நிறுத்திக்கொண்டார் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "ஆரத்தி எடுத்த பிள்ளைய ஏம்ட்டி வெளியவே நிக்க வச்சிருக்க" என்றாள்.

சரோஜா அம்மா முட்டிவலி எப்படி இருக்கிறது? பாப்பா விழாமல் நடக்கிறாளா? அவளுக்கு அப்பா மூக்குத்தானே?

பிரவீன் அண்ணன் நல்லா இருக்காங்களா? நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?

இதற்குப் பதில் நீங்கள் எழுத வேண்டாம் அக்கா. அண்ணனை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்
பாண்டிச்செல்வி